காஞ்சி

தமிழில் குதிரை என்போம்.
பாலக்காட்டுக் கடையில் வர்க்கீஸ் அதைக் காஞ்சி என்கிறான்.
உரிமத்தில் இரண்டும் இல்லை,
ஒரு எண் மட்டும்.

குழல் பழையது. மாமனார் பேரிலிருந்து என் பேருக்கு மாற
கலெக்டர் ஆபீசுக்குப் பதினோரு நடை.
கட்டை நான் இழைத்தது,
கதவு நிலைக்கு வாங்கி மிஞ்சிய வாகையில்,
என் கன்னத்துக்கு ஒரு மேடு, என் உள்ளங்கைக்கு ஒரு பள்ளம்.
தூரக்கண்ணாடி தவணையில்.
எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது.
குதிரைதான் முரண்டு.

மீன்காரி லூர்தாளிடம் தூக்குத் தராசு இரவல் வாங்கி
கொக்கியை மாட்டி இழுத்தேன்,
காலித் துப்பாக்கி, மண்சுவரைப் பார்த்து.
முதல் முறை இரண்டே முக்கால் கிலோ.
அடுத்து மூன்று. அதற்கடுத்து இரண்டரை.
வேலந்தாவளம் சந்தையில்
ஆள் பார்த்து விலை சொல்லும் தக்காளிக்காரன் போல.
வழியெல்லாம் மணல்:
கொஞ்சம் நகரும், நிற்கும், நறநறக்கும்,
பின் ஒரு சுவரில் முட்டும்.
அந்தச் சுவர் எப்போது இடியும் என்று
அதற்கே தெரியாது.

வர்க்கீஸ் மேசையில் மூன்றை வைத்தான்.
ஒன்று கனம். ஒன்று சுமார்.
மூன்றாவது போட்டிக்காரர்களுடையது.
வழி இல்லை, சுவர் இல்லை,
விரல் நினைப்பதற்குள் 'டிக்'.
நான் இழுத்தேனா, அதுவே போனதா?
இதுதான், என்றேன்.
முன்பணம் வாங்கிக்கொண்டு
செவ்வாய்க்கிழமை வரச் சொன்னான்.

சனி இரவு பஞ்சாயத்திலிருந்து போன்:
எருத்தேம்பதி வாய்க்கால் ஓரம் பன்றி,
கடலைக்காடு பாழ்.
பழைய குதிரையோடே போனேன்.
கணவாயில் நுழைந்த ஆடிக்காற்று
பனைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
மேட்டில் கறுப்பாக ஒன்று குனிந்து
மண்ணை முண்டியது. ஈர முதுகு.
பாதி வெளிச்சம், பாதி ஓலை நிழல்.
மூச்சை விட்டு நிறுத்தினேன்.
விரல் நகர்ந்தது, நின்றது, நறநறத்தது,
சுவரில் முட்டியது.

பன்றி தும்மியது.
பிறகு, 'மாதாவே' என்றது.

சாக்குக் கொங்காடைக்குள் சவேரிமுத்து,
மடைப்பலகையைத் தூக்கிக்கொண்டு.
அன்றைய முறைத்தண்ணீர்
என்னுடையது.

தோட்டாவை எடுக்க மூன்று தடவை முயன்றேன்.
கூப்பிடவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்தேன்.
கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்தில்
காஞ்சித் திணை, நிலையாமை என்று எழுதி
இரண்டு மதிப்பெண் வாங்கியவள் நான்.
அன்று எழுதிய அதே விரல்
இப்போது மடியில் கிடந்து துள்ளியது.
அவன் ஒரு மணி நேரத் தண்ணீரைத்
தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டு போனான்.
போகட்டும் என்று கூட நினைக்கவில்லை,
ஒன்றும் நினைக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து அவனே வந்து கேட்டான்:
'ராத்திரி சுடப் போனீங்களாமே, கிடைச்சுதா?'
'இல்லை. தும்மிடுச்சு.'
'பன்னி தும்முமா?'
'சளி பிடிச்ச பன்னி.'
சிரிக்கப் போனவன் பாதியில் நின்று
தன் செருப்பைப் பார்த்தான்.
அதில் காய்ந்த சேறு.

செவ்வாய்க்கிழமை வர்க்கீஸிடம் சொன்னேன்:
மணலை எடுத்துவிடு, சுவரை விடு.
போட்டிக்குப் போகிற யாரும் சுவர் கேட்பதில்லை, என்றான்.
நான் போட்டிக்குப் போகவில்லை.
முன்பணத்தைக் கழித்துக்கொள்கிறேன் என்றவன்
ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.

புதிதாய்ப் பொருத்தி மறுபடி தூக்கிப் பார்த்தேன்.
இரண்டு கிலோ.
இரண்டு கிலோ.
இரண்டு கிலோ.
லூர்தாள் தராசைக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டாள்,
அவளுக்கு வியாபார நேரம்.
கொக்கியிலிருந்த மத்தி வாசம் குதிரையில் ஒட்டிக்கொண்டது,
எண்ணெய் போட்டும் போகவில்லை.
சுட்டுவிரலை முகர்ந்து பார்க்கிறேன்.
அதிலும்.